பெட்டிக்குப் பின்னால் ஓர் ஓட்டை

இந்தக் காலத்தில் எவனும் சொன்ன சாமானைச் சொன்னபடி கொடுப்பதில்லை. பருப்பில் கல், எண்ணெயில் கலப்படம், கேட்டால் ஒரு இளிப்பு. பாலிகஞ்சில் முப்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கும் ஏழுமலைக்கு இது தெரியாதா? மருமகள் கீதாஞ்சலியின் ஸ்பீக்கர் பெட்டி கெட்டதும், செய்து கொடுத்த அசீம் ஏமாற்றிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டார்.

ஆபீஸ் நேரம் போக அவள் ஒரு பாண்டில் பேஸ் கிதார் வாசிக்கிறாள். வரும் சனிக்கிழமை நிகழ்ச்சி. வந்த புதிதில் அலமாரி டம்ளரெல்லாம் நடுங்க உறுமிய பெட்டி, ஒரு மாதமாக டொக் டொக்கென்று பலகையைத் தட்டுவதுபோல் ஒலித்தது.

"நானே அசீம்தாகிட்ட காட்டிக்கிறேன் மாமா."

"நீ போனா அவனை அண்ணனாக்கி, 'சரி தாதா'ன்னு தலையாட்டிட்டு வந்துடுவே. நட."

பெட்டியும் கிதாருமாக அவர்கள் போனபோது, டாக்குரியாவில் அசீமின் பட்டறையில் நாலைந்து வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். ஏழுமலை அரைகுறை வங்காளியில் கத்தினார். "பதினஞ்சு அங்குல ஸ்பீக்கர்னு எந்தக் குப்பையப்பா வச்சே?" திருடன் என்பதற்கான வங்காளிச் சொல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

அசீம் முகம் கறுத்தது. கிதாரைப் பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த வேறொரு பெட்டியில் இணைத்தான். கீதாஞ்சலி தடித்த கம்பியை மீட்டினாள். தரை அதிர்ந்தது. அடுத்து அவளுடைய பெட்டி. டொக்.

"பாத்தியா! சின்னதே இப்படி உறுமுது. பெரிசுல ஏதோ மோசம் இருக்கு!"

"அளவு மட்டும் இல்ல, மேஷோமஷாய்." திட்டு வாங்கியும் பெரியவர்களை அழைக்கும் மரியாதையை அவன் விடவில்லை. "பெட்டிக்குள்ள எவ்வளவு காத்து, அது எந்த வழியா வெளிய வருதுங்கிறதும் இருக்கு. கனத்த சத்தத்துக்குப் பலமே இந்தக் குழாய்தான்." குழாயின் வாயான, பெட்டியின் பின்புற ஓட்டைக்குள் கையை விட்டான். கை முழங்கையோடு நின்றது. இழுத்தான். ஒரு சாக்குத்துண்டு வந்தது. இன்னொன்று. மூன்றாவதில் சிவப்புத் தமிழ் எழுத்து: பொன்னி புழுங்கல்.

அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஆனாலும் எல்லாரும் ஏழுமலையைத்தான் பார்த்தார்கள்.

போன மாதம் பெட்டி அவர் கடையின் உள்ளறையில் ஒரு வாரம் கிடந்தது. அந்த அறையில் எலி. எந்தக் கடைக்காரன் ஓட்டையைத் திறந்து விடுவான்? அவர் கையாலேயே திணித்து அடைத்ததுதான்.

கீதாஞ்சலி மறுபடி மீட்டினாள். சுவரில் மாட்டியிருந்த ரம்பங்கள் கிணுகிணுத்தன. ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவள் அசீமிடம் கைகூப்பி, வங்காளியில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"மாமா, அவரைச் சொன்ன அந்த வார்த்தை..."

ஏழுமலைக்குக் காது மடல் கொதித்தது. முப்பது வருஷத்தில் தன்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கடையை மூடியிருப்பார். "தப்புதான்," என்றார். மரத்தூளைப் பார்த்து, தமிழில். அசீமுக்கு அது புரிந்திருக்காது. வங்காளியில் சொல்ல வாய் வரவில்லை.

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலிறங்கி, ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பெட்டியில் ஓட்டை இருந்தால் சத்தம் ஓடித்தானே போகும்? அதனால் கூடுகிறதாம்!