சுத்தபோசனம்

ஈஸ்டர் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு சிங்கப்பூர் ஆங் மோ கியோ வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்குச் சொந்தக்காரி பிலோமினம்மாள். அவள் மகன் ஜார்ஜ். ஜார்ஜின் மனைவி ஷார்லீன். ஜார்ஜின் தங்கை ஈவா. ஈவாவின் புருஷன் ஜூலியஸ். இவர்களில் ஜூலியஸ் மட்டும் விருந்தாளி.

ஒன்றரை வருடத்துக்கு முன்புவரை அவனும் அதே வீட்டில்தான் இருந்தான், வீட்டோடு மாப்பிள்ளையாக. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்த்தான். ஒரு நாள் அந்த வேலையை விட்டான். விட்டதை வீட்டில் சொல்லவில்லை. ஐந்து மாதம் மாலை ஏழு மணிக்குச் சீருடை போட்டு, ஈவா கட்டிக்கொடுத்த கோழிக்குழம்புச் சோற்றை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பிப்போய், காலையில் களைத்த முகத்தோடு திரும்பி வந்தான். யாரையோ வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போன ஜார்ஜ், அங்கே நாற்காலியில் சீருடையோடு தூங்கிக்கொண்டிருந்த தங்கை புருஷனைப் பார்த்துவிட்டான். அன்றைக்கே பிலோமினம்மாள் அவன் துணிகளை இரண்டு பைகளில் போட்டு வாசலில் வைத்தாள்.

இப்போது அவளே கூப்பிட்டிருக்கிறாள். ஈவா தொலைபேசியில் சொன்னாள்: "சாப்பாட்டுக்கு வாங்க. அம்மா ஒங்ககிட்ட பேசணுமாம். அவங்க சரின்னுட்டா நீங்க திரும்பி வந்துடலாம்."

பிலோமினம்மாளின் மனம் இளகியதற்குக் காரணம் ஒரு கத்திரிக்காய்.

ஜூலியஸ் தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில், உம்மு சல்மா என்ற விதவையின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். முதல் நாளே அவள் சட்டம் போட்டுவிட்டாள். "தம்பி, எஞ்சட்டியில நீங்க கைய வெக்காதீங்க. ஒங்க சட்டி ஒங்களுக்கு. கறி ஆக்கறதா இருந்தா நான் வாங்குற ஹலால் கடையில வாங்குங்க. இல்லன்னா இந்த அடுப்புல கறியே வேணாம்." அவனும் எதற்கு வம்பு என்று விட்டான்.

அவன் எந்தக் கொள்கையிலும் சேர்ந்துவிடவில்லை. உலகத்தில் தனியாளுக்கென்று விற்கிற பொருள் மிகக் குறைவு என்று கண்டுகொண்டான், அவ்வளவுதான். முட்டை பத்துப் பத்தாக வந்தது. பால் லிட்டரில் வந்தது, நாலைந்து நாளில் திரிந்தது. தயிர் டப்பாவில் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்தது. குடும்பம் உள்ளவன் சாமானைக் குடும்பம் இல்லாதவன் வாங்கினால் குப்பைத்தொட்டிதான் சாப்பிடும். காய்கறி மட்டும் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. ஒரு கத்திரிக்காய் வாங்கலாம். அரை வெள்ளரிக்காய் வாங்கலாம். வாழையிலையில் கட்டிய தெம்பே என்ற சோயாக் கட்டி, ஒரு பொட்டலம் ஓர் ஆளுக்கு அளந்து செய்தது போல இருக்கும்.

"ஒத்தக் கத்திரிக்காய்க்கு இவ்வளவு நேரமா?" என்பாள் காய்கறிக்காரி கமலா. "பொண்ணு பாக்குற மாதிரி பொரட்டிப் பொரட்டிப் பாக்குறீங்க. ஜோடியா எடுத்துட்டுப் போங்கண்ணே, பாவம், அதுவாச்சும் பேசிக்கிட்டிருக்கும்."

வாரத்தில் அவனிடம் யாராவது கிண்டலாகப் பேசினார்கள் என்றால் அது அவள்தான். அதற்காகவே அவன் மூன்று நாளுக்குச் சேர்த்து வாங்காமல் தினமும் போனான்.

சமையலுக்கு ஒரே சட்டி. ஒரு கை துவரம்பருப்பைப் போட்டு, பாதி வெந்ததும் கத்திரிக்காயைப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்து விட்டு, நல்லெண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து நின்றுகொண்டே சாப்பிடுவான். தட்டு வைத்தால் எதிரில் இன்னொரு தட்டு இல்லாதது தெரியும். சந்தையில் வாங்கிய பசலைக்கீரையின் தண்டுகளை ஒரு தெர்மக்கோல் பழப்பெட்டியில் மண் நிரப்பி ஊன்றினான். இரண்டு வாரத்தில் கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியது. அவன் அதோடு பேசவில்லை. அந்த அளவுக்கு இன்னும் முற்றவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்; அதை வாய்விட்டுத்தான் சொன்னான்.

சில மாதம் கழித்து ஒரு நாள், சந்தையில் ஆட்டுக்கறிக் கடை வரிசை வழியாக நடந்தபோது, தனக்கு அது வேண்டியிருக்கவில்லை என்று கவனித்தான். வெறுப்பு எதுவும் இல்லை. பழைய வீட்டு முகவரி மாதிரி, அது இன்னமும் இருந்தது, அவனுக்குத்தான் அங்கே வேலை இல்லை. தூக்கம் ஒழுங்காக வந்தது. அப்படியே விட்டுவிட்டான்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஷார்லீன் கறி வாங்க தேக்காவுக்கு வந்தாள். கமலா கடையில் அவன் ஒற்றைக் கத்திரிக்காயோடு நிற்பதைப் பார்த்தாள். "அண்ணா, மட்டன் வாங்கலயா?" என்றாள். "இல்லமா, சாப்பிடறதில்ல" என்றான். அவள் போய் மாமியாரிடம் சொன்னாள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை நாற்பது நாளும் கறி தொடாமல் சுத்தபோசனம் காக்கிறவன் திருந்தியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று பிலோமினம்மாள் முடிவு கட்டிவிட்டாள். ஈவா கூப்பிட்டபோது அதையும் சொன்னாள்; அவன் மறுக்கவில்லை.

"ஜெபத்த மாப்ள சொல்லட்டும்" என்றாள் பிலோமினம்மாள். "இந்தக் குடும்பத்துல நாப்பது நாளும் சுத்தபோசனம் காத்தது அவர் ஒருத்தர்தான். நான் பெத்தது பெரிய வெள்ளியன்னைக்கே நண்டு தின்னுச்சு."

"நண்டு மீன் கணக்குதாம்மா" என்றான் ஜார்ஜ்.

"ஒனக்கு ஆடே மீன் கணக்குதான்."

ஜூலியஸ் ஜெபம் சொன்னான். ஆமென் சொல்லி முடித்ததும் பிலோமினம்மாள் எழுந்து, ஆட்டுக்கறிப் பிரட்டலில் எலும்போடு ஒரு பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, அவன் தட்டுக்கு நேரே கொண்டுவந்தாள். அவன் தட்டின் மேல் கையை வைத்தான்.

"வேணாம் அத்தை."

"ஆண்டவரே எந்திரிச்சாச்சு மாப்ள. நீங்க என்ன, இன்னும் கல்லறையில?"

"இல்ல, நான் சாப்பிடறதில்ல."

"தட்ஸ் ஓகே அண்ணா" என்று ஷார்லீன் ஒரு பாத்திரத்தை நகர்த்தினாள். "ஒங்களுக்குன்னே வெஜ் பிரியாணி செஞ்சேன். ஃபுல் வெஜிடேரியன். முட்டையும் நெய்யும் மட்டும்தான்."

"அதுவும் சாப்பிடறதில்லமா."

"அப்ப கங்கோங் கீரை இருக்கு."

"பிலாச்சான் போட்டிருக்கும். எறால் விழுது."

"காத்து வேணுமா மச்சான்?" என்றான் ஜார்ஜ். "பாத்து லா, அதுல கொசு இருக்கும்."

பிலோமினம்மாள் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள். "எத்தன நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்ப தவக்காலத்துக்காக இல்ல."

அவன் தட்டின் மேலிருந்த கையை எடுத்தான்.

"தேக்காவுல எந்தக் கோயிலுக்குப் போறீங்க? சைவமாயிட்டீங்களா?"

அந்த வார்த்தைக்கு அவள் வீட்டில் இரண்டு அர்த்தம் கிடையாது. சாப்பாட்டில் சைவம் என்றால் சாமியிலும் சைவம்தான். இடையில் நிற்க இடம் இல்லை.

"அவங்களும் இல்லம்மா" என்றான் ஜார்ஜ். "அவங்க பாலு, தயிரு, நெய்யின்னு ஊத்தி அடிப்பாங்க. இது வேற ஏதோ கேஸ்."

"அப்ப எவளோ ஒருத்தி இருக்கா."

"அதெல்லாம் இல்ல அத்தை. காரணம்னு ஒண்ணும் இல்ல. சும்மா அப்படியே ஆயிடுச்சு."

அதுதான் உண்மை. மேசையில் ஒருவரும் அதை நம்பவில்லை. "காரணம் இல்லாம எந்த ஆம்பளையும் கறிய விடமாட்டான்" என்றாள் பிலோமினம்மாள். அவள் முகம், இரண்டு பைகளை வாசலில் வைத்த நாளின் முகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இங்க கொஞ்சம் வாங்க" என்று ஈவா எழுந்தாள். "தண்ணி கூஜா எடுக்கணும்."

அடுப்படியில் அவன் கொண்டுவந்த பசலைக்கீரைக் கூட்டை அவள் சூடு பண்ணிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தாள். கரண்டி எடுத்து ருசி பார்த்தாள்.

"உப்பு கம்மி. நல்லாருக்கு. நீங்களா வளத்தது?"

"பழப்பெட்டியில."

"வெளிய காரிடார்ல வெயில் அடிக்கிற பக்கமா எடம் இருக்கு. ரெண்டு பெட்டி தாராளமா வெக்கலாம்." குரலைத் தாழ்த்தினாள். "நெஜமாவே எதுக்கு இது?"

"தனியா இருந்தேன். அதுல வந்தது."

"அத வெளிய சொல்லிடாதீங்க. சொன்னா, ஒங்களத் தனியா விட்டது யாருன்னு வரும். எங்கம்மாதான்னு ஆயிடும். அவங்க தாங்க மாட்டாங்க." ஈவா கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "மாதாவுக்கு நேர்ச்சைன்னு சொல்லுங்க. ஒரே வார்த்த. அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் ஒங்க தட்ட எட்டிப் பாக்க மாட்டாங்க. இன்னைக்கே போயி சாமானெல்லாம் எடுத்துட்டு வந்துடலாம்."

அவன் அவளைப் பார்த்தான். ஒன்றரை வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் நின்று அவள் பேசியதில்லை. மறுக்கிற எண்ணம் அவனுக்கு வரவே இல்லை. கீரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினான்.

"அத்தை, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தான். "நேர்ச்சைய வெளிய சொன்னா பலன் கொறையும்பாங்க."

பிலோமினம்மாள் நிமிர்ந்தாள். "யாருக்கு நேந்துக்கிட்டீங்க?"

"மாதாவுக்கு. வீட்ட விட்டுப் போன புதுசுல ஒரு சனிக்கெழம. நவநாள் ஜெபம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க. வெளிய நல்ல மழ. சுரூபத்துக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்துனேன், புடிக்கல. ரெண்டாவது குச்சியும் அணைஞ்சிடுச்சு. தாயே, இந்த மூணாவது குச்சியில புடிச்சிடுச்சுன்னா, நான் திரும்பி எங்க வீட்டு மேசையில உக்கார்ற வரைக்கும் மட்டுமில்ல, உசுரு இருக்குற வரைக்கும் கறி, மீனு, பாலு, நெய்யி ஒண்ணும் தொடமாட்டேன்னேன்." கிண்ணத்தை மேசையில் வைத்தான். "புடிச்சிடுச்சு."

ஷார்லீன் கண்ணைத் துடைத்தாள். ஜார்ஜ்கூடத் தன் கறித்துண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். பிலோமினம்மாள் எழுந்து வந்து, மாப்பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். பிறகு அந்தக் கீரையில் ஒரு கரண்டி தன் தட்டில் ஊற்றி, கண்ணை மூடி வாயில் வைத்தாள்.

"ஈவா, அந்த ரூமுல இருக்குற துணி காயப்போடுற கம்பிய எடுத்து வெளிய வையி" என்றாள். "மாப்ள, போயி ஒங்க சாமானக் கொண்டுவாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்க இருக்கணும்."

ஜூலியஸ் வெறுஞ்சோற்றில் கீரையைப் பிசைந்து இரண்டு தட்டு சாப்பிட்டான். உட்கார்ந்து சாப்பிட்டான். ஜார்ஜ் அவனுக்குத் தண்ணீர் ஊற்றினான். நாளை காலை காய்கறிக்கு ஆங் மோ கியோ சந்தைக்கே போகலாம், இரண்டு பேருக்கு வாங்கலாம் என்று ஜூலியஸ் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஈவா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.

அவன் கிளம்பியபோது ஈவாவும் கூடவே வந்தாள். தேக்காவரை துணைக்கு வருவாள் என்று நினைத்தான். அவள் செருப்பு மாட்டவில்லை. அவன் இரும்புக் கம்பிக் கதவைத் தாண்டி வெளியே வந்ததும், அவள் உள்ளேயே நின்றாள்.

"மூணாவது தீக்குச்சி" என்றாள்.

"என்ன?"

"நான் ஒரு வார்த்ததான சொல்லச் சொன்னேன். நீங்க மழையெல்லாம் பெய்ய வெச்சீங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"லியோனல ஞாபகம் இருக்கா?" என்றாள் ஈவா.

அந்த ஐந்து மாதமும் தினம் காலையில் வந்து ஜூலியஸ் சொன்ன கதைகளில் வந்த சூப்பர்வைசர்தான் லியோனல். அப்படி ஒருவன் எந்தக் கிடங்கிலும் இருந்ததில்லை. நல்ல மனுஷன், கொஞ்சம் திக்கிப் பேசுவான். அவன் மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது, இரண்டும் எடை குறைவு.

"அந்தப் புள்ளைங்களுக்கு நான் கோயில்ல பூச வெச்சேன்" என்றாள். "சட்ட வாங்கி ஒங்க பையில குடுத்துவிட்டேன். லியோனல் அழுதுட்டாருன்னு சொன்னீங்க. இப்ப அம்மாகிட்ட சொன்னீங்களே, அதே மூஞ்சி. ஒரு மயிர் கூட மாறல."

"நீதான் ஈவா சொல்லச் சொன்ன."

"ஆமா. சொல்லத்தான் சொன்னேன். நீங்க நம்ப வெச்சிட்டீங்க. பக்கத்துல உக்காந்திருந்த நானே நம்புனேன், ரெண்டாவது குச்சி வரைக்கும்." அவள் குரல் உயரவே இல்லை. "இனிமே நீங்க ஒடம்பு சரியில்லன்னா நெஜமான்னு எப்படித் தெரிஞ்சுக்குவேன்? சந்தைக்குப் போறேன்னா?"

"இனி பொய் சொல்லமாட்டேன்."

"இதையும் நல்லாத்தான் சொல்றீங்க."

உள்ளேயிருந்து பிலோமினம்மாளின் குரல் கேட்டது. "ஈவா, மாப்ளைகிட்ட குடை குடுத்தியா?"

ஈவா திரும்பிப் பார்க்கவில்லை. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். "சாமான் எடுத்துட்டு வர வேணாம்."

கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கொக்கியில் பூட்டைத் தொங்கவிட்டு அழுத்தினாள். பிறகு மரக்கதவை மூடினாள். உள்ளே சாவி இரண்டு சுற்று சுற்றியது.