காலி வட்டம்

டாலிவர் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தில் மாடுகள் நாற்பதாயிரம், மனிதர்கள் நானூற்றுப் பதினேழு பேர். மாடுகளுக்கு ஓட்டு கிடையாது. இருந்திருந்தால் அவையும் மார்லிஸ் வானெக்கின் பெயரைத்தான் எழுதிப் போட்டிருக்கும். அந்த அளவுக்கு ஊர் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

முப்பத்திரண்டு வருடமாக அவள்தான் கவுண்டி கிளார்க். நாலு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், மாட்டுக்குச் சூடு போடும் குறியைப் பதிவது, தேர்தல் நடத்துவது என்று எல்லாம் அந்த ஒரே மேஜையில். வயது அறுபத்து நாலு. கணவன் ரே இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்தத் தடவை போயே தீருவது என்று, லிங்கன் நகரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டை ஜனவரியிலிருந்து வாடகைக்குப் பேசி வைத்திருந்தாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. அதற்காகவேதான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். இங்கே காலையில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு வாங்கினால், சாயங்காலத்துக்குள் மூன்று பேர் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவார்கள். யாரும் எதையும் கேட்காத ஒரு கடையில் நின்று செருப்பு வாங்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

நாலு வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் முடிவு செய்தாள். வேட்புமனு போடவில்லை. வேறு யாரும் போடவும் இல்லை. ஆள் நிற்காத பதவிக்கு ஓட்டுச் சீட்டில் ஒரு வெற்றுக் கோடும், அதன் பக்கத்தில் சின்ன வட்டமும் அச்சாகியிருக்கும். வேண்டிய பெயரைக் கோட்டில் எழுதி, வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இருநூற்று எழுபது பேர் அவள் பெயரை எழுதி, வட்டத்தையும் கறுப்பாக்கிப் போட்டுவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் இடமுண்டு. சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் ஒரு வாரத்தில் பதினோரு வீட்டிலிருந்து அடுப்பில் சுட்ட மக்ரோனியும் உருளைக்கிழங்கும் மூடிய பாத்திரங்களில் வந்து இறங்கின. திட்டியிருந்தால் போயிருப்பாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போன ஒவ்வொரு வாசலிலும், "நீ இல்லேன்னா எங்களை வீட்டன் கவுண்டியோட சேர்த்துடுவாங்க மார்லிஸ்" என்றார்கள். இன்னொரு முறை அந்தப் பாத்திரங்களைத் தாங்கத் தனக்குத் தெம்பில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த முறையும் அதிக ஓட்டு தனக்கே விழுந்தால் சாகும்வரை இங்கேதான். தன் இளகிய மனசைப் பற்றி அவளுக்கு எந்த மயக்கமும் கிடையாது.

அதனால் இந்த முறை மாற்று ஆளைத் தயார் செய்திருந்தாள். ட்ரினா மேடக்ஸ், முப்பத்தாறு வயது, கணக்கில் கெட்டிக்காரி, பன்றிப் பண்ணைகள் நிறைந்த வேறொரு மாநிலத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்து எட்டு வருடமாகியும் ஊருக்கு அவள் இன்னும் 'அந்தப் புதுப் பொண்ணு'தான். அவள் சம்மதிப்பதற்குள் வேட்புமனு நாள் முடிந்துவிட்டதால், அவள் பெயரையும் கோட்டில் எழுதித்தான் போட வேண்டும். மார்லிஸ் பண்ணை பண்ணையாகப் பிக்கப் வண்டியை ஓட்டிப் போய், ட்ரினா பெயரை எழுதுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தாள். ஒரு பண்ணையிலிருந்து அடுத்ததற்குப் பன்னிரண்டு மைல். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இந்த ஊரில் தலையாட்டலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஓட்டுப் பதிவு முடிந்தது. எழுதிப் போட்ட பெயர்களை மறுநாள் காலையில் எண்ணுவதுதான் வழக்கம். புதன்கிழமை ஒன்பது மணிக்கு மார்லிஸ் தன் அலுவலகம் இருக்கும் கோர்ட்டுக் கட்டடத்தைத் திறந்தாள்.

அந்தக் கட்டடத்தின் கதையே வேறு. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில், கவுண்டித் தலைநகர் யாருக்கு என்று பாஸ்கம், ஹார்ப் என்ற இரண்டு ஊர்களுக்கும் பெரிய தகராறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்கம்காரர்கள் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த நேரம், ஹார்ப்காரர்கள் கோர்ட்டுக் கட்டடத்தை அடியோடு பெயர்த்து, உருளைக் கட்டைகளில் ஏற்றி, முப்பது எருதுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாதி வழியில் கால்ஃப் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மணலில் சிக்கிக்கொண்டது. இங்கே குன்று, பள்ளம் எல்லாமே மணல். மேலே புல் போர்த்தியிருப்பதால் நிலம் மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டடம் முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கிளார்க் எழுந்து ஜன்னலைத் திறந்து, இது எந்த ஊர் என்று கேட்டாராம். சிக்கிய இடத்திலேயே ஊர் முளைத்தது. சண்டை போட்ட இரண்டு ஊர்களும் இன்று வெறும் புல். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பது மார்லிஸின் வேலைகளில் ஒன்று. சமீப காலமாக அந்தக் கிளார்க்கை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை.

எண்ணும் மேஜையில் இரண்டு கட்சிக்காரர்களும் எதிரெதிரே உட்கார வேண்டும் என்பது சட்டம். ரிபப்ளிகன் கட்சிக்கு வாண்டா ஷ்ரேடர். அதற்கு இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். டெமாக்ரட்டுக்குத்தான் ஆள் கிடையாது. இருபத்தாறு வருடத்துக்கு முன், இருந்த ஒரே டெமாக்ரட்டும் செத்துப்போனபோது, மார்லிஸ் எல்டன் போமரிடம் போய் நின்றாள். காற்றாலை ரிப்பேர் பார்க்கும் மனிதர். ஒரே ஒரு தேர்தலுக்குக் கட்சி மாறிக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அவரும் ஒரே ஒரு தேர்தலுக்கு என்று மாறினார். இப்போது எழுபத்தெட்டு வயது. இன்னும் அதே கட்சி. அவர் அப்பா கல்லறையில் புரண்டு படுத்திருப்பார் என்று ஊரே கேலி செய்யும். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும், "இதோட சரி மார்லிஸ், பழையபடி மாத்திக்க ஒரு ஃபாரம் குடு" என்பார். அவள் கொடுப்பாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். திரும்ப வராது.

மார்லிஸ் சீட்டைப் பிரித்துப் படிக்க, இருவரும் ஆளுக்கொரு தாளில் கோடு போட்டார்கள். ரகசிய ஓட்டு என்பதெல்லாம் அவளுக்கு இல்லை. முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கைகள் எழுதியதைத்தான் அவள் படித்துவருகிறாள். பெயரெழுத்தைப் பார்த்தவுடனே முகம் வந்து நிற்கும். இது வடக்கு எல்லையில் தனியாகப் பண்ணை வைத்திருக்கும் கிழவி. போன குளிர்காலம் பனியில் பதினேழு நாள் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் முதலில் செய்தது சொத்து வரி கட்டியதுதான். இவள் மார்லிஸ் பெயரை எழுதியிருந்தாள். இது போஸ்ட் மாஸ்டர், அவரும் எழுதியது மார்லிஸ். இது போன வருடம் கல்யாணமான ஜோடி, அவன் ட்ரினா, அவள் மார்லிஸ். அந்த வீட்டில் இன்னும் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கோடுகள் ஏறிக்கொண்டே போயின. ட்ரினாவுக்கு நினைத்ததைவிட அதிகம் விழுந்தது. பத்து மணிக்கு ட்ரினாவுக்கு அறுபது, மார்லிஸுக்கு அறுபத்தாறு. பதினொன்றுக்கு நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று. மார்லிஸுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால் கண்ணில் எதையோ காட்டிவிடுவோம் என்று பயந்து உட்கார்ந்தே இருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது. எழுத்துகள் இடப் பக்கம் சாய்ந்து நின்றன. கர்ட், அவள் மகன். போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சமையலறைச் சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தான். நிம்மதியாகப் போ அம்மா, இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தோளைத் தட்டிக்கொடுத்தான். கோட்டில் 'மார்லிஸ் வானெக்' என்று எழுதியிருந்தான். அம்மா என்று எழுதவில்லை, அந்த மட்டும் சரி. வட்டத்தை அழுத்திக் கறுப்பாக்கியிருந்தான். பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும், அதைச் சொல்லியிருக்கலாமே. முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் சீட்டில் எழுதிப் போட்டிருக்கிறான். தன் பெயரைத் தானே வாய் விட்டுப் படித்தாள். வாண்டா கோடு போட்டாள்.

கடைசியில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியபோது ட்ரினாவுக்கு நூற்று நாற்பத்திரண்டு, மார்லிஸுக்கு நூற்று நாற்பத்தொன்று. மார்லிஸ் சீட்டைப் பிரித்தாள்.

காற்றாலை ரிப்பேர் பில்லில் முப்பது வருடமாகப் பார்த்த கை. பெரிய பெரிய எழுத்தாக, கட்டம் கட்டமாக, 'மார்லிஸ் வானெக்'. எதிரே உட்கார்ந்திருந்த எல்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, கொடிக்கம்பம்தான் இருந்தது.

சமமானால் குலுக்கல். கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களில் மூத்தவரின் தொப்பியில் இரண்டு பெயரையும் போட்டு எடுப்பார்கள். மூத்தவர் வாண்டாவின் தம்பி கெர்மிட். அந்தத் தொப்பியிலிருந்து வேறு எந்தப் பெயர் வரும்? மூன்றாவது மாடி வீடு, ஜன்னல், கீழே போகும் முகம் தெரியாத ஜனங்கள் எல்லாம் ஒரு நொடியில் கைவிட்டுப் போவதை மார்லிஸ் பார்த்தாள். அப்புறம்தான் பெயருக்குப் பக்கத்தில் பார்த்தாள். வட்டம் வெள்ளையாக இருந்தது.

சீட்டை மேஜை நடுவில் வைத்தாள்.

வாண்டா எட்டிப் பார்த்தாள். "உன் பேர்தானே, படிச்சுட வேண்டியதுதானே. என்ன யோசனை?"

"வட்டம் நிரப்பலை."

"அதான் பேர் இருக்கே கல்லு மாதிரி. எழுதினவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியலையா உனக்கு? போட்டுக்கோ ஒண்ணு."

அவள் அதோடு விடவில்லை. இரண்டாயிரத்து ஆறில் கெர்மிட் முதல் தடவை நின்றபோது, மூன்று பேர் அவன் பெயரை எழுதிவிட்டு வட்டத்தை மறந்தார்கள். மார்லிஸ் மூன்றையும் செல்லாது என்று தள்ளினாள். கெர்மிட் இரண்டு ஓட்டில் தோற்றான். இரண்டு வருடம் வாண்டா அவளோடு பேசவில்லை. அதையெல்லாம் வாண்டா இப்போது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், கோபமாக இல்லை, கொஞ்சலாக. அன்றைக்கு அவ்வளவு கறாராக இருந்தாயே, இன்றைக்காவது நெகிழ்ந்து கொடு, உனக்காகத்தானே சொல்கிறேன் என்றாள். மேஜைமேல் பென்சில் கிடந்தது. வட்டம் ஒரு பட்டாணி அளவுகூட இல்லை.

"செல்லும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும், அதுதான் விதி" என்றாள் மார்லிஸ். "எல்டன், நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கொடிக்கம்பத்தை விட்டுப் பார்வையை எடுத்தார். சீட்டைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தன் தாளில் போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காலி வட்டம், காலி ஓட்டு. இந்த மேஜையில நீ சொல்லிக் குடுத்ததுதான். இருபத்தாறு வருஷமாக் கேக்கறேன், மறக்குமா?"

வாண்டா பெருமூச்சு விட்டாள். அந்தப் பேனாவைக் கொடு என்றாள். செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ட்ரினாவுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் வருமா என்று மூன்று முறை கேட்டாள். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு, கெர்மிட்டிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அவசரமாகப் போனாள்.

அறையில் இருவரும்தான் இருந்தார்கள். மார்லிஸ் சீட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, அரக்கு நாடாவைச் சுற்றினாள். நாடா கோணலாகப் போயிற்று. எல்டன் அதைப் பிரித்து நேராகச் சுற்றிக் கொடுத்தார். போய்விடுவேன் என்று நினைத்தபோது அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். ஆனால் அழுகையும் கூடவே வந்தது, அதை அவள் அடக்கவில்லை. அவர் கண்டும் காணாததுபோல நாற்காலிகளை மேஜைக்குள் தள்ளினார். அப்புறம் வழக்கம்போலக் கேட்டார்.

"இதோட சரி மார்லிஸ். பழையபடி மாத்திக்க ஒரு ஃபாரம் குடு."

எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை அவர் மடிக்கவில்லை. உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, பெயரும் விலாசமும் எழுதினார். கட்சி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அங்கேயும் வரிசையாக வட்டங்கள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வட்டத்தின் விளிம்பை முதலில் சுற்றி வரைந்து, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கினார். ஊசி முனையளவு வெள்ளைகூட விடவில்லை. தாளை அவள் பக்கம் திருப்பினார். டெமாக்ரட்.

"மாத்தலையே நீங்க" என்றாள்.

"இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புதுப் பொண்ணுக்கு எதிர்ல உட்கார ஒரு ஆள் வேணுமில்ல. இல்லேன்னா அது உன்னைத்தான் ஃபோன் போட்டுக் கூப்பிடும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய், லிங்கனில் காற்று இந்த அளவுக்கு இருக்காது என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிக்கப் கிளம்பும் சத்தம் கேட்டது.

எந்த மாற்றமும் இல்லாத ஃபாரத்தைக் கோப்பில் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மார்லிஸ் அதில் தேதி முத்திரையைக் குத்தி, போமர் என்ற பெயருள்ள கோப்பை எடுத்து, உள்ளே வைத்துப் பூட்டினாள்.