வாளிக்கு விலகாத மீன்கள்

ரோஜா வளர்ப்பதில் என்னை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது. தற்பெருமைதான், இருக்கட்டும். பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கொல்லைக் கிணற்றைச் சுற்றி முப்பது செடி வைத்தேன். இலையில் கரும்புள்ளி விழுந்தால் செடி மொட்டையாகிவிடும். அதனால் ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் பூஞ்சை மருந்து அடித்தேன். மருந்தைக் கரைப்பதும் தெளிப்பானைக் கழுவுவதும் கிணற்றடியில்தான். தண்ணீர் அங்கேதானே இருக்கிறது?

தொண்ணூற்று மூன்று கோடையில் குழாயில் காற்று மட்டும் வந்தது. தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் எப்போதும் போல் குடிக்கக் கிணற்று ஜலம்தான். அப்போது என் மருமகள் ஜலஜாவுக்கு நாலாவது மாதம். கல்யாணமாகி வந்த மூன்று வருஷத்தில் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுவாவது நிலைக்க வேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

"லாரி ஜலத்தை வாயில வைக்காதே. கிணத்து ஜலத்தைக் காய்ச்சி தினம் ரெண்டு டம்ளர் கூடவே குடி. மீன் உசிரோட இருக்கோல்லியோ, அப்போ ஜலம் அமிர்தம்" என்றேன். கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கார்ப்பரேஷன் ஆள் தனபாலன் கொண்டுவந்து விட்ட குட்டி மீன்கள் அவை.

"அதுகள் என்னமோ மாதிரி இருக்குப்பா" என்றாள் ஜலஜா. "வாளி விழுந்தா விலக மாட்டேங்கறது. எல்லாம் ஒரே பக்கம் திரும்பிண்டு அப்படியே நிக்கறது."

"உன் ரசம் வாசனைக்கு மயங்கி நிக்கறதுகள்" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் நானே எட்டிப் பார்த்தேன். வாளியை விட்டேன். மீன்கள் அலையோடு ஏறி இறங்கினவே தவிர, ஒன்றுகூட ஓடவில்லை. வாளி இடித்த மீன் கொஞ்சம் அமிழ்ந்து, திரும்ப அதே இடத்துக்கு வந்து அதே பக்கம் பார்த்து நின்றது. வெயிலுக்குச் சோர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

மறுவாரம் தனபாலன் வந்தான். ஒரு கிணற்றில் பெருகிய மீனை அள்ளி அடுத்த கிணற்றில் விடுவது அவன் வழக்கம். வலையை நாலு தடவை விட்டு எடுத்தான்.

"பதினொண்ணுதான் கீது. இன்னா சார் இது? மூணு வருசமா உடறேன். மாசாமாசம் குட்டி போடற ஜாதி, இந்நேரம் கிணறே ரொம்பியிருக்கணும்."

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். முதுகு வளைந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. அது துள்ளவே இல்லை.

"உள்ள குட்டி கீது சார். பெக்க மாட்டேங்குது. போன வருசமும் இதே கததான். செத்தது ஏதாச்சும் மெதந்துச்சா?"

"இல்லையே."

"அதான் யாருக்கும் தெரியல." கிணற்றடி சிமெண்டு விரிசலில் பச்சையாய்க் கறை பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. அவன் அதையே பார்த்தான். "செடிக்கு இன்னா மருந்து சார் அடிக்கிற?"

குனிந்து அந்தக் கறையைப் பார்த்தேன். ஐந்து வருஷம். நானே, என் கையால்.

நிமிர்ந்தேன். கொல்லைக் கதவருகே ஜலஜா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் டம்ளர் இருந்தது.

"குடிக்காதே! கீழ வை அதை!" என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. டம்ளரை மெதுவாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"குடிச்சாச்சேப்பா. இது ரெண்டாவது டம்ளர்" என்றாள். அவளுடைய மறு கை வயிற்றின் மேல் இருந்தது.