இருபத்து மூன்றாம் வில்லை

நொயெலா தன் எண் வில்லையைக் கரையிலிருந்த தட்டியின் ஆணியில் மாட்டினாள். அதே கையோடு, ஆண்கள் வரிசையில் அண்ணனுடைய இருபத்து மூன்றையும் மாட்டிவிட்டுக் கடலைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் எலிசேயின் பாய் கரைப்பக்கம் திரும்பவே இல்லை. வாத்துத் தீவையும் தாண்டி, பவளப்பாறை வெள்ளையாக நுரைக்கிற பக்கம் அது போய்க்கொண்டிருந்தது.

"பந்தயம் முடிஞ்சாலும் துரைக்கு ஊர் சுத்தணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தலைமுடியைப் பிழிந்தாள்.

பசிபிக் தீவுகளின் விளையாட்டுப் போட்டி அந்த ஆண்டு அவர்கள் ஊரான நூமேயாவில் நடந்தது. பாய்ப்பலகைப் பந்தயம் அன்ஸ் வாட்டா கடற்கரையில். பலகையின்மேல் நின்று, பாயைக் கையில் பிடித்து, காற்றோடு மல்லுக்கட்டுகிற ஆட்டம். அதற்கு ஒரு விதி உண்டு. கடலில் இறங்குகிறவர் தம் எண் போட்ட வில்லையைத் தட்டியிலிருந்து எடுத்துப் போக வேண்டும், கரையேறியதும் மாட்டிவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கடலில் என்று அர்த்தம். எல்லா ஆணியும் நிறைகிறவரை மீட்புப் படகு வேலையை முடித்துக் கரையேறாது. பந்தயம் முடிந்து அரை மணிக்குள் மாட்டாவிட்டால் மூன்று புள்ளி அபராதம்.

எலிசேவுக்குக் கையில் எதையும் கட்டிக்கொள்ளப் பிடிக்காது. கைக்கடிகாரம்கூடக் கட்டாதவன். சின்ன வயதிலிருந்தே அவனுடைய வில்லை தங்கையின் மிதவைச் சட்டைப் பையில்தான் இருக்கும். பந்தயம் முடிந்தால் அவன் ஒரு சுற்று சும்மா ஓட்டிவிட்டுத்தான் வருவான். அவள் முதலில் கரையேறி இரண்டையும் மாட்டிவிடுவாள். வீட்டுக்குள் ஒருவர் துணியை இன்னொருவர் கொடியில் போடுகிற மாதிரி, யாரும் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

அன்று காலையிலும் வில்லையை அவள் பையில் திணித்துவிட்டுத்தான் இறங்கினான்.

"பத்திரமா வை. தொலைச்சே, கனாலா மாமாகிட்டச் சொல்லிக் குடுத்துடுவேன்."

"போடா. ஆறாவது வந்தவனுக்கு வாயைப் பாரு."

"மூணாவது இடத்துக்கு ரெண்டே புள்ளிதாண்டி தூரம். நாளைக்குப் பாரு, பதக்கத்தை அப்பா கழுத்துல மாட்டுறேன்."

இரண்டு புள்ளி. மூன்று புள்ளி அபராதம் விழுந்தால் எல்லாம் போச்சு. அதை நினைத்துத்தான் அவள் வேகவேகமாக மாட்டினாள். இதில் தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கரையோரத்தில் மீட்புப் படகின் இன்ஜின் உறுமியது. படகோட்டி சமுவேல், அவர்களுடைய அப்பா. இருபது வருடமாக அந்தக் கிளப்பின் படகு அவர் கையில். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் டாக்டர்கள், வக்கீல்கள், நிக்கல் கம்பெனி அதிகாரிகள். இந்தப் பூர்வகுடிக் கனாக் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் படகுக் கொட்டகையில் வளர்ந்து, மற்றவர்கள் கழித்துப்போட்ட பாய்களை ஒட்டுப்போட்டு ஓட்டப் பழகி, இன்று நாட்டுக் கொடி போட்ட சட்டையில் நிற்கிறார்கள். அந்தப் பெருமையை அவர் யாரிடமும் பேசியதில்லை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார், அவ்வளவுதான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று தண்ணீரில் நின்றபடியே கத்தினார்.

தட்டிக்குப் பொறுப்பான கிஸ்லேன் அம்மாள் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்களே வந்து பாத்துடுங்க சமுவேல். வெயில்ல எனக்குக் கண்ணு கூசுது."

அவர் ஈரக்காலோடு வந்தார். ஆணி ஆணியாக விரலை ஓட்டினார். இருபத்து மூன்றில் விரல் நின்றது. நகத்தால் 'டக்' என்று ஒருமுறை தட்டினார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

நொயெலா வாயைத் திறந்தாள். 'அண்ணா இன்னும் வரலப்பா' என்று சொல்ல அரை மூச்சு போதும். ஆனால் கிஸ்லேன் அம்மாள் பக்கத்தில் நிற்கிறாளே, அவள் காதில் விழுந்தால் அபராதம்தானே. பத்து நிமிடத்தில் வந்துவிடப் போகிறான். இப்போது போய் எதற்கு?

"நொயெலா! பாஞ்சு வா, சாப்பாடு தீரப்போகுது!" என்று கோச் கூப்பிட்டார்.

அவள் போனாள். பின்னால் படகின் இன்ஜின் அணைந்தது.

சாப்பாட்டுக் கூடாரத்தில் தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீனும் சோறும். தஹித்திப் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு தட்டுகளைத் தட்டினார்கள். ஃபிஜிக்காரி ஒருத்தி, "உங்க அண்ணன் பங்கையும் நானே முடிச்சிடவா?" என்று கேட்டாள். "அவன் வந்தா உன்னையே தின்னுடுவான்" என்று நொயெலா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு பல நாள் அந்தச் சிரிப்புதான் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

காற்று வலுத்தது. கூடாரத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கொடிகள் கரையிலிருந்து கடலைப் பார்த்து நீண்டு நின்றன. மதியத்துக்கு மேல் காற்று இப்படித் திரும்பினால் எதுவானாலும் ஆழ்கடலுக்குத்தான் போகும்.

மூன்றரை மணிக்கு அவள் அண்ணனின் செருப்பைப் பார்த்தாள். காலையில் கழற்றிப் போட்ட அதே இடத்தில், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. அலை ஏறி வந்து கவிழ்ந்த செருப்பைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்த அலை அதை இழுத்துக்கொண்டது.

அவள் கடலைக் கண்ணால் துழாவினாள். ஒரு பாய்கூட இல்லை.

அப்பா படகின் இன்ஜினை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்ணனைப் பாத்தீங்களா?"

"தட்டியில இருக்கானே. டவுனுக்குப் போயிருப்பான், அந்தத் தடியனுக்கு ஐஸ்கிரீம் இல்லாம இருக்க முடியுமா?"

செருப்பில்லாமலா? அவள் தட்டியை நோக்கி ஓடினாள். சொல்லிவிடத்தான் ஓடினாள், சத்தியமாகச் சொல்லிவிடத்தான். ஆனால் தட்டியின் முன்னால் போய் நின்றதும் அவள் கை தானாக நீண்டது. இருபத்து மூன்றைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"இருபத்து மூணு காலியா இருக்கு! எங்க அண்ணன் இன்னும் வரல!"

கிஸ்லேன் அம்மாள் ஓடி வந்தாள். கோச் ஓடி வந்தார். சமுவேல் ஓடவில்லை, நடந்து வந்தார். வெறும் ஆணியைப் பார்த்தார். கிட்டே போய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் பாத்தேனே" என்றார். "தட்டிக்கூடப் பாத்தேனே."

கிஸ்லேன் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் படகை நோக்கி ஓடினார். இப்போதுதான் ஓடினார்.

ஐந்து மணிக்கு, பாறைக்கு வெளியே, கவிழ்ந்த பாயோடு அவனைக் கண்டுபிடித்தார்கள். பாய்மரத்தையும் பலகையையும் சேர்க்கிற ரப்பர் மூட்டு அறுந்திருந்தது. பலகையைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட, இவன் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். அலை பாறையில் தூக்கி அடித்திருக்கிறது. அப்பாதான் தூக்கிப் படகில் போட்டார். வேறு யாரையும் தொட விடவில்லை.

டாக்டர் ரொம்ப இளைஞர். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார். "உயிர் போயி ரெண்டு மணி நேரம்கூட ஆகல."

நொயெலா கணக்குப் போட்டாள். போடாமல் இருக்க முடியவில்லை. அவள் சோறு தின்றபோது அவன் உயிரோடு இருந்தான். அவள் சிரித்தபோதும் இருந்தான். கரையில் படகு எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பான்.

வீட்டில் அம்மா மெலானி அழுது தீர்த்த பிறகு ஒரே ஒரு வார்த்தை பேசினாள், அதுவும் கணவனின் முகத்தைப் பார்க்காமல்.

"ஊரான் பிள்ளைங்களை எல்லாம் இருபது வருஷம் எண்ணி எண்ணிக் கரை சேத்தீங்க. நம்ம பிள்ளையை எண்ணத் தெரியலையே உங்களுக்கு."

சமுவேல் தலையை ஆட்டினார். "ஆமா" என்றார். "என் கண்ணு அவிஞ்சு போச்சு."

நொயெலா கதவோரம் நின்றிருந்தாள். சட்டைக்குள் வில்லை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. வாயைத் திறந்தால் அம்மாவின் கண் இந்தப் பக்கம் திரும்பும். அந்தக் கண்ணுக்குப் பயந்தாள். பாவி, அப்பாவை முன்னால் நிறுத்திவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் மாமாவின் ஊரான கனாலாவுக்குக் கிளம்பினார்கள். கனாக் வழக்கப்படி, பிள்ளையின் சாவைத் தாய்மாமனிடம் போய்ச் சொல்லாமல் புதைக்க முடியாது. பிறந்தபோது காதில் ஊதி மூச்சைக் கொடுத்தவர் அவர். அந்த மூச்சு எப்படிப் போனது என்று தகப்பன் அவர்முன் நின்று சொல்லியாக வேண்டும். தகப்பன் காணிக்கையாக வைக்கிற துணியை அவர் தரையிலிருந்து எடுத்துக்கொண்டால் சொன்னதை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். எடுக்காவிட்டால் அந்த வெட்கத்தோடு தகப்பன் மிச்ச நாளை ஓட்ட வேண்டியதுதான்.

மலைப்பாதையில் மழை பெய்து செம்மண் குழம்பாக வழிந்தது. சமுவேலின் தம்பி வண்டியோட்ட, அவர் முன்சீட்டில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார் என்று நொயெலாவுக்குப் புரிந்தது. பாதி வழியில் ஓடைப் பக்கம் நிறுத்தச் சொல்லி இறங்கி முகம் கழுவினார். அவளும் இறங்கிப் போனாள்.

"அப்பா..."

"நீ அங்க வாயைத் திறக்கக் கூடாது கண்ணு" என்றார். "மாமா கோவத்துல ரெண்டு அடி குடுத்தாலும் குறுக்க வராத. தப்பு என்னோடது. நான் வாங்கிக்கிறேன்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் தலையில் ஈரக்கையை வைத்து வண்டிக்கு அழைத்துப் போனார்.

ஜெரெமி மாமா கனத்த மனிதர். தம் பங்காளிகள் நான்கு பேரோடு வீட்டு முன்கூடத்தில் காத்திருந்தார். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. தாழையோலை விரிப்பில் சமுவேல் பூப்போட்ட துணிகளை வைத்தார், அதன்மேல் புகையிலை, பக்கத்தில் வள்ளிக்கிழங்கு. பிறகு தலை குனிந்து நின்றார்.

"மச்சான், நீங்க குடுத்த மூச்சை நான் காப்பாத்தல. கடலுக்குப் போன புள்ளைங்க திரும்பிட்டாங்களான்னு பாக்குறது என் வேலை. நேத்து வெறும் ஆணியைப் பாத்துட்டு, ஆள் வந்துட்டான்னு நினைச்சு, படகைக் கரையேத்திட்டேன். ஏன் அப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கே தெரியல."

வெளியே கூரையிலிருந்து மழைநீர் சொட்டியது.

"உன் சொந்தப் புள்ளையோட நம்பர்" என்றார் மாமா. "அது உனக்குத் தெரியலையா சமுவேல்? மச்சான்னு கூப்பிட எனக்கு நாக்கு வரல. குடிச்சிருந்தியா?"

"இல்ல."

"பின்ன? இல்லாத ஒண்ணு எப்படிடா கண்ணுக்குத் தெரியும்?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா துணியைப் பார்த்தார், கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். பங்காளிகளில் ஒருவர் எழுந்து போவதற்காகக் கைத்தடியைத் தேடினார்.

பெண்பிள்ளை பேசுகிற இடமில்லை அது. நொயெலா சுவரோரத்திலிருந்து எழுந்தாள். "உக்காருடி" என்று சித்தப்பா பல்லைக் கடித்தார். அவள் விரிப்பின் முன்னால் போய் மண்டியிட்டு, சட்டைக்குள் கைவிட்டு வில்லையை எடுத்துத் துணிகளின்மேல் வைத்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் வட்டம், கறுப்பில் இருபத்து மூன்று.

"அப்பா சரியாத்தான் பாத்தாங்க மாமா" என்றாள். "இது அங்கதான் இருந்துச்சு. அண்ணன் வர்றதுக்கு முன்னாடியே நான் மாட்டிட்டேன். அப்பறம் நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

கைத்தடி தேடியவரின் கை அப்படியே நின்றது. அம்மா சுவரிலிருந்து மெல்லத் திரும்பினாள்.

சமுவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே பார்த்தார். பிறகு மகளின் பக்கத்தில், அவளைப் பார்க்காமலே, கஷ்டப்பட்டுக் குனிந்தார். விரலை நீட்டி, அன்று தட்டியில் செய்த மாதிரியே நகத்தால் அந்த வில்லையை ஒருமுறை தட்டினார்.