இரண்டு தடவை அடித்த வரி

மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது மாமியார் அம்புஜம் குடியாத்தத்திலிருந்து போட்ட சட்டம். சட்டத்துக்குக் காரணமும் இருந்தது. போன வருடம் லாவண்யா ஆறாவது வாரத்திலேயே பெங்களூர் ஈஜிபுராவில் அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லி, ஆபீசில் மைசூர்பாகும் கொடுத்துவிட்டாள். ஒன்பதாவது வாரத்தில் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. "ஊர் கண்ணு பட்டுருச்சு. வாயை வச்சிக்கினு சும்மா இருந்திருந்தா புள்ள தங்கியிருக்கும்" என்று அம்புஜம் போனில் சொன்னபோது லாவண்யா எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. போதாக்குறைக்கு, அந்த வாரம் தண்ணீர் வந்த அன்று நாலு குடத்தைக் கீழேயிருந்து மாடிக்குத் தூக்கியிருந்தாள். வாய் ஒரு குற்றவாளி, இடுப்பு இன்னொரு குற்றவாளி. தீர்ப்புச் சொல்ல மாமியார் இருந்தாள், வாதாடத்தான் ஆளில்லை.

ஆகவே இந்த முறை சட்டம் அட்சரம் பிசகாமல் நடந்தது. புருஷன் ரகுராம் கம்பெனி வேலையாக ஆறு மாதம் அமெரிக்கா போயிருந்தான். அவன் விமானம் ஏறிய பத்தாம் நாள்தான் இவளுக்கே விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர்கள் ஹாலிலிருக்கும் போனுக்கு அவன் கூப்பிடுவான். வீட்டுக்கார அம்மாள் டி.வி. சத்தத்தைக் குறைப்பாள். மரியாதைக்காக இல்லை, காது கொடுப்பதற்காக.

"உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மாத்திரை?"

"ம்."

"பயமா இருக்கா?"

"இங்க மழைதான்."

தங்கள் குழந்தையைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் வாரம் ஒருமுறை பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

ஒரு பிள்ளையைச் சுமப்பதைவிட, அதை ஒளித்துவைக்கத்தான் அதிகத் தெம்பு வேண்டியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரைகளைப் பெப்பர்மின்ட் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டாள். காலையில் தலையைத் தூக்குமுன் படுக்கையிலேயே இரண்டு ரஸ்க். ஒரேயடியாகச் சாப்பிட்டால் குமட்டுகிறதென்று, இரண்டு மணிக்கொரு தடவை மேஜை டிராயருக்குள் கையை விட்டுப் பொரியும் வாழைப்பழமும் திருட்டுத் தீனி. காப்பியை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்குக் கேஸ்டிரிக் என்றாள். வீட்டுக்கார அம்மாள் ஆசையாக நறுக்கித் தந்த பப்பாளியைச் சிரித்த முகத்தோடு வாங்கி, தெருமுனையில் நின்ற மாட்டுக்குப் போட்டாள். மாட்டுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் அது. தண்ணீரை அரை பக்கெட் அரை பக்கெட்டாக ஏற்றினாள். "மகாராணிக்குக் கை வலிக்குது" என்று கீழ் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் கதவைத் தாழிட்ட பிறகு, அந்த ஒற்றை அறையில் யாராவது ஒரு வாய் "சாப்பிட்டாயா" என்று கேட்கமாட்டார்களா என்றிருந்தது. அப்போது அழுகை வந்தது, அழுதாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே மற்றவர்கள் கர்ப்பத்தைக் கேட்பதுதான். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு டேப்பில் பேசி அனுப்புவார்கள். பெங்களூரில் காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் அதைக் கேட்டு அப்படியே டைப் அடிக்க வேண்டும். லாவண்யாவுக்குக் கொடுத்திருந்தது ஒஹையோவிலுள்ள பிரசவ டாக்டர் ஒருவரை. நாள் முழுக்க அவர் யாரோ ஒரு பெண்ணிடம் நன்றாகத் தூங்குகிறாயா, தண்ணீர் குடிக்கிறாயா, வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டதையெல்லாம் இவள் அடித்தாள். ஒன்றுக்குக்கூட இவள் பதில் சொல்ல முடியாது.

இப்படிக் கேட்டுக் கேட்டே அவளுக்கு வைத்தியம் பாதி தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று. திங்கட்கிழமையோடு வாந்தி நின்றுவிட்டது. போன தடவையும் இப்படித்தான், வாந்தி நின்ற மூன்றாம் நாள் ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பில்லை என்றார்கள். இந்தத் தடவை எடுக்கவேண்டிய ஸ்கேனுக்கு டாக்டர் கொடுத்த சீட்டு இரண்டு வாரமாகப் பையில் கிடந்தது. துணைக்கு ஆள் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஆளைக் கூப்பிட்டால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளை தங்காது. அதைவிடப் பெரிய காரணம், அந்த இருட்டறையில் இன்னொரு தடவை படுத்துக்கொண்டு டாக்டர் பேசாமலிருப்பதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. வயிற்றில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே புதன்கிழமையும் வேலைக்கு வந்து உட்கார்ந்தாள்.

அன்று காலை மூன்றாவது டேப். டாக்டருக்கு ஜலதோஷம், மூக்கால் பேசினார். நோயாளிக்கு வயது இருபத்தாறு. இரண்டாவது கர்ப்பம். முதலாவது தங்கவில்லை. லாவண்யாவின் விரல்கள் ஒரு நொடி நின்று மறுபடி ஓடின. டாக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: முன்பு கரு கலைந்ததற்கு இவர் செய்த எந்தக் காரியமும் காரணமல்ல, வேலைக்குப் போனதோ பாரம் தூக்கியதோ காரணமல்ல, இவர்மேல் தவறே இல்லை என்று எடுத்துச் சொன்னேன்.

அடித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. போன தடவை பார்த்த டாக்டரம்மா, "இதெல்லாம் சகஜம், அடுத்தது பார்க்கலாம்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். டேப் தன்பாட்டுக்கு ஓடியது. பன்னிரண்டு மணிக்கு அடித்த ஃபைலை அனுப்பினாள்.

பன்னிரண்டரைக்குக் கேரல் கூப்பிட்டாள். பிரேசர் டவுன்காரி, நாற்பத்தைந்து வயது, அடித்த எல்லாவற்றையும் திருத்துகிற எடிட்டர். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"இங்க வாம்மா. இன்னா இது, ஒரே சென்டென்ஸ் ரெண்டு வாட்டி அடிச்சிக்கிறே? தூங்கிட்டியா?"

தாளில் அந்த வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை இருந்தது. லாவண்யாவுக்கு அடித்த நினைவே இல்லை. ஸாரி மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு அந்தப் பொம்பளைக்கு மேடம்," என்றாள். "இன்னொண்ணு எனக்கு."

கேரல் அந்த வரியை விரல் வைத்து முதலிலிருந்து படித்தாள். பேனாவை மூடினாள்.

"எத்தினி வாரம்?"

"ஒன்பது."

"இங்க யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்று லாவண்யா தலையை ஆட்டினாள்.

"ஸ்கேன்?"

பையிலிருந்து சீட்டு வந்தது. கேரல் தேதியைப் பார்த்தாள். "பைத்தியமா நீ? எந்திரி. ஆட்டோ புடிக்கலாம்."

ஸ்கேன் சென்டரில் கூட வந்திருப்பது யார் என்று கேட்டார்கள். "அக்கா" என்றாள் கேரல், கண்ணைக்கூட இமைக்காமல். உள்ளே இருட்டு, வயிற்றில் ஜில்லென்று களிம்பு. டாக்டர் பேசவில்லை. லாவண்யா கூரையைப் பார்த்துக்கொண்டு கேரலின் கையை நெரித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"சென்னாகிதே" என்றார் டாக்டர் கன்னடத்தில், நன்றாக இருக்கிறது என்று, திரையை அவள் பக்கம் திருப்பி. அரை விரலளவு நிழலுக்குள் ஏதோ ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாந்தி சிலருக்கு இப்படி நின்றுபோவது உண்டு, பயப்பட வேண்டாம் என்றார். லாவண்யா வாய்விட்டு அழுதாள். கேரலும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாரு, உன்னால எனக்கும் ஜலதோஷம்" என்றாள்.

வாசலில் ஒரு எஸ்.டி.டி. பூத். கேரல் ஆட்டோ பார்க்கப் போனாள். லாவண்யா குடியாத்தத்துக்கு நம்பரைச் சுழற்றினாள்.

"அத்தை, ஸ்கேன் எடுத்தேன். இதயம் துடிக்குது."

"மாரியாத்தா!" என்றாள் அம்புஜம். பிறகு குரல் இறுகியது. "கூட யாரு வந்தா?"

"ஆபீஸ் அக்கா. அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

திட்டு விழப்போகிறதென்று லாவண்யா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ரகுவுக்கு மின்னாடி எனக்கு ரெண்டு போச்சு" என்றாள் அம்புஜம். "ரெண்டாவது உங்க மாமாவுக்கே தெரியாது. துணியைத் துவைச்சுப் போட்டுட்டு அன்னிக்கே தறியில உக்காந்தேன்."

இந்தக் குரலை லாவண்யா இதுவரை கேட்டதில்லை.

"அப்போ நீங்க யார்கிட்டயும் சொல்லலையா அத்தை?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"சொல்லாம இருந்துமா போச்சு?"

"சொல்லாம இருந்தும்தான் போச்சு." அம்புஜம் மூச்சை இழுத்துவிட்டாள். "யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டி. முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கல."

வெளியே கேரல் ஆட்டோவை நிறுத்திக் கையாட்டினாள். லாவண்யா கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பூத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கேக்கறேன் அத்தை. சொல்லுங்க."