நாலடி அறை

கையை நீட்டினால் சுவர் இடிக்கிறது. இடிக்கட்டும். இங்கே நான் என்ன கரகமா ஆடப் போகிறேன்? அகலம் நாலடி, நீளம் பத்தடி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. அவர்கள் கண்ணுக்கு இது மிச்சம். இன்றைக்கு அதைக் கேட்டு வருவார்கள். எவ்வளவு நயமாகக் கேட்பார்கள் என்றும் தெரியும். உனக்கு இது எதுக்கு என்பார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் நல்ல பதிலாக ஒன்றைத் தயார் செய்யவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. முதலில் நாத்தனாரின் குரல், பின்னாலேயே மேஸ்திரியின் இருமல். ஞாயிற்றுக்கிழமையில் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

மாடி கட்டும் பேச்சு இரண்டு வருடமாக ஓடியது. கீழே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மகன் வேலைக்குப் போன பிறகும் கூடத்தில்தான் படுத்தான். கணவர் கணக்கு வாத்தியார். அவரிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்தார்கள். ஒருநாள் அவர் கட்டம் போட்ட தாளில் ஸ்கேல் வைத்துத் திட்டம் வரைந்தார். படியேறியதும் ஒரு நடை. பிறகு வரிசையாக மூன்று அறைகள். மகனுக்கு ஒன்று, டியூஷனுக்கு ஒன்று, தன் தங்கை வந்தால் போனால் தங்க ஒன்று. எல்லாம் பத்துக்குப் பத்து. கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குத் திறந்த மாடி.

"எனக்கு?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியாத மாணவனின் முகம். "வீடே உன்னுதுதானே" என்றார்.

அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே அவளால் கோபப்பட முடியவில்லை. ஆனால் பல நாள் அந்த வாக்கியத்தை மென்றுகொண்டே இருந்தாள். வீடு முழுவதும் என்னுடையது என்றால் அதில் எந்தக் கதவையும் நான் சாத்திக்கொள்ள முடியாது என்றுதானே அர்த்தம். குளியலறைக் கதவைத் தட்டி "அம்மா, சார்ஜர் எங்க?" என்று கேட்கலாம். தூங்கும்போது தோளைத் தொட்டு "காஸ் புக் எங்க வச்ச?" என்று கேட்கலாம்.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒன்பது மணி நேரம் மேஜைக்குப் பின்னால் நின்று, நீட்டுகிற சீட்டையெல்லாம் வாங்கிப் படித்து, எடுத்துக் கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலாவதியான மாத்திரைகளைப் பிரித்தெடுக்கும் வேலை வரும். உள்ளே, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், காற்றில்லாத அறை. மற்ற பெண்கள் தலைவலி, முதுகுவலி என்று நழுவிவிடுவார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். அந்த வேலை நடக்கிற ஒரு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். காலாவதியான மாத்திரைக்குக் கிடைக்கிற தனிமை எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஒருமுறை நினைத்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அவளுக்கு இந்த இடம் கிடைத்தது ஒரு பிசகினால்தான்.

மேஸ்திரியின் டேப்பில் முனைக் கொக்கி உடைந்து போயிருந்தது. அப்படி உடைந்தால் யாரும் டேப்பைத் தூக்கிப் போடுவதில்லை. முனையை விட்டுவிட்டு, ஒரு அடிக் கோட்டைச் சுவரோடு சேர்த்துப் பிடிப்பார்கள். அந்தப் பக்கம் படிக்கிறவர் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். பத்தடி வேண்டுமென்றால் பதினொன்றில் கோடு போட வேண்டும். மாடியில் அளந்த அன்று மேஸ்திரி இந்தப் பக்கம் ஒரு அடியில் பிடித்தார். அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார், "நானே படிக்கிறேன்" என்று உட்கார்ந்து, பத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தார். சார் கழித்திருப்பார் என்று மேஸ்திரி நினைத்தார். மேஸ்திரி சரியாகத்தான் பிடித்திருப்பார் என்று சார் நினைத்தார். நடை ஒன்று, அறை மூன்று. நான்கு முறை அளந்தார்கள், நான்கு முறையும் ஒரு அடி போயிற்று. கடைசியில் திறந்த மாடி இருந்ததால் அது கொஞ்சம் தாராளமாக இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

மேல்தளத்துக்குக் கம்பி பரப்பிய அன்றுதான் தெரிந்தது. தாளில் இருந்த அளவுக்கு வெட்டிய கம்பிகள், கடைசிச் சுவரைத் தாண்டி அந்தரத்தில் நாலடி நீட்டிக்கொண்டு நின்றன. மேஸ்திரி கீழிருந்து பார்த்தார், மேலே ஏறிப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார்.

"சார், நீங்க ஒண்ணு கழிச்சீங்களா?"

"நான் எதுக்குக் கழிக்கணும்?"

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஊருக்கே கழித்தல் கணக்கு சொல்லித் தர்ற ஆளு, வீட்ல விட்டுட்டாருப்பா."

கம்பியை வெட்டலாமா, எழுந்து நிற்கிற சுவர்களை இடித்து நகர்த்தலாமா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்குக் கிளம்பி நின்றவள், தோளில் பையோடு சொன்னாள்: "கம்பி எவ்வளவு தூரம் வருதோ அவ்வளவு தூரம் தளம் போடுங்க. அதுக்கு அடியில ஒரு சுவர் எழுப்புங்க. ஒரு ஜன்னல் வைங்க. கதவை மாடிப் பக்கமா விடுங்க."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "அதுவும் சரிதான்க்கா. கீழ கிச்சன் சுவர் நேரா அங்கதான் வருது, பாரம் தாங்கும்."

யாரும் மறுக்கவில்லை. எதையாவது போட்டு வைக்க ஒரு இடம் என்று நினைத்துவிட்டார்கள். பூச்சு முடிந்த வாரமே அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி மேஸ்திரியை இரண்டு முறை நினைவுபடுத்தினாள். தினமும் கடை விட்டு வந்ததும் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்தாள். ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டின் பூசாத செங்கல் சுவர், ஒரு விளம்பரப் பலகையின் முதுகு, கொஞ்சம் வானம். முதல் சில நாள் அவளுக்குக் கை பரபரத்தது. துணி மடிக்கலாமா, கீரை ஆயலாமா என்று தோன்றியது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கே பழக வேண்டியிருந்தது. பத்தாம் நாள்தான் தன் மூச்சு தன் காதில் கேட்டது. ஐம்பது வயதில், இது நான் என்று யாரோ அறிமுகம் செய்து வைத்தது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அறைக்குள் நால்வரும் நுழைய இடமில்லை. நாத்தனார் கதவுக்கு உள்ளே, கணவர் நிலைப்படியில், மேஸ்திரியும் மகனும் வெளியே.

"அண்ணி, இங்கதான் இருக்கீங்களா? வீடு முழுக்கத் தேடுறோம்" என்றாள் நாத்தனார். அவள் கெட்டவள் இல்லை. எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவளால் இருக்க முடியாது, அவ்வளவுதான். மகன் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கலெக்டர். "என் ரூமைப் பாத்தீங்களா அண்ணி? ஒன்பதடிதான் வருது. கட்டிலைப் போட்டா பீரோ இல்ல, பீரோவைப் போட்டா நான் இல்ல."

"பீரோவுக்குள்ளயே படுத்துக்குங்க அத்தை" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

"நீ சும்மா இருடா. அண்ணி, நடுவுல இந்தச் சுவரை எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். காத்தோட்டமா இருக்கும். நான் இல்லாதப்ப நீங்களே அங்க உக்காந்துக்கலாமே. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

எத்தனை சுலபமாக அனுமதி கொடுக்கிறாள் என்று நினைத்தாள்.

கணவர் தொண்டையைச் செருமினார். "இங்க பாரு, உனக்கு இது ஏதாவது காரியத்துக்கு வேணும்னா சொல்லு. தையல் மெஷின் போடறியா?"

"எனக்குத் தைக்கத் தெரியாதுங்க."

"ஏதாவது படிக்கப் போறியா? மேல பரீட்சை ஏதாவது?"

"இல்ல."

"பின்ன எதுக்குத்தான்?"

பொய் ஒன்று சொல்லியிருந்தால் போதும். இடுப்பு வலி, தியானம் பண்ணச் சொன்னார் டாக்டர் என்றால் கணவர் நாலடியோடு ஒரு மின்விசிறியும் சேர்த்துக் கொடுத்திருப்பார். அது அவளுக்கும் தெரியும். ஆனால் காரணம் சொல்லி வாங்கினால், காரணம் தீர்ந்த அன்று திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"சும்மா இருக்க" என்றாள்.

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். "சும்மா இருக்க யாராவது ரூம் கட்டுவாங்களா அண்ணி?"

"நாம கட்டலியே. அதுவா வந்துச்சு."

வெளியே மகன் சிரிப்பை அடக்குவது கேட்டது. மேஸ்திரி நிலைப்படி வழியாகத் தலையை நீட்டினார். அவருக்கு அவள் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. சாரின் முதுகுக்குப் பின்னால் கண்ணைக் காட்டிவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "சார், இது பாரம் தாங்குற சுவர் மாதிரி இருக்கே. இடிச்சா மேல விரிசல் விட்டாலும் விடும். இல்லீங்களாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்துவிடும். யாருக்கும் வருத்தமில்லை, எல்லோரும் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடலாம். அவள் சுவரைப் பார்த்தாள். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். பாரம் கீழே சமையலறைச் சுவரின் மேல் நிற்கிற வெளிச்சுவரில் இருக்கிறது. மேஸ்திரிதான் அன்றைக்கு விளக்கிச் சொன்னார்.

"இல்ல மேஸ்திரி. இதை இடிக்கலாம். ஒண்ணும் ஆகாது."

கணவரின் முகம் தெளிந்தது. "அப்ப நாளைக்கு ஆள் வரச் சொல்லிடவா?"

"வேண்டாங்க."

"இப்பதான இடிக்கலாம்னு சொன்ன?"

"இடிக்க முடியும்னு சொன்னேன். நான் குடுக்க மாட்டேன்."

குரலை அவள் உயர்த்தவில்லை. கடையில், டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்களிடம் பேசுகிற குரல்தான் அது. கணவர் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல" என்றார்.

"யோசிச்சாச்சுங்க" என்றாள் அவள்.