வைவாவில் நர்கீஸ் கேட்ட கேள்வி

ஒன்பது வருஷம் மாரடித்து எழுதிய என் தத்துவ ஆய்வேட்டுக்கு அன்றைக்குத்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. தேறினால் நான் டாக்டர் வினோலியா. தேறாவிட்டால் அம்புட்டும் பாழ். நாற்பத்தேழு வயதில் இன்னொரு தடவை யார் எழுதுவது?

வைவாவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். யாருமே கேட்காவிட்டால் மானம் போய்விடும் என்று, நாமே நாலு கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி நம் ஆட்களிடம் கொடுத்துவைப்பது வழக்கம். ஊரே செய்கிறது, நானும் செய்தேன். ஒரு சீட்டு நர்கீஸுக்கு. பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் சமோசா கடை வைத்திருக்கிறாள்.

யாருமே பார்க்காதபோதும் மனிதன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும்? இதுதான் என் தலைப்பு. கிரேக்கர்களும் கேட்டார்கள், நம் பழைய நூல்களும் கேட்டன. இரண்டாயிரம் வருஷத்து வழக்குக்கு ஐந்தாம் அத்தியாயத்தில் நான் தீர்ப்பே எழுதியிருந்தேன்: நேர்மையானவன் கடைசியில் நஷ்டப்பட மாட்டான்.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா ஒரு மணி நேரம் என்னைப் பிழிந்தெடுத்தார். "மற்றவர்கள் சொன்னதெல்லாம் இதில் இருக்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்றார். நான் ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். என் கைடு சகாயராஜ் சார் அவசர அவசரமாக, "பார்வையாளர்கள் கேட்கலாம்" என்றார்.

நர்கீஸ் எழுந்தாள். சீட்டைப் பிரித்துப் பார்த்தாள், மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"இவ எழுதிக் குடுத்தது எனக்கு வெளங்கல. என் கேள்வியவே கேக்குறேன்" என்றாள். அரங்கமே சிரித்தது. பாவி, மானத்தை வாங்கிவிட்டாள்!

"தெனம் சாயங்காலம் சட்டியில மிஞ்சுற எண்ணெயைக் கொட்டிருவேன். எதுத்த கடைக்காரன் அதே எண்ணெயை ஒரு வாரம் ஓட்டுறான். அவன் மாடி வீடு கட்டிட்டான், நான் ஒழுகுற வீட்டுல கெடக்கேன். அல்லா பாக்குறான், அது எனக்குத் தெரியும். ஒன் புத்தகத்துல என்ன சொல்லியிருக்கு? நான் என்ன கேனச்சியா?"

"அம்மா, ஆய்வு சம்பந்தமா மட்டும்..." என்று சகாயராஜ் சார் இழுத்தார்.

"இதுதான் ஆய்வு. அவர் பதில் சொல்லட்டும்" என்றார் தேர்வாளர்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நர்கீஸ் மேல் இல்லை, என் மேல். ஒழுகும் அந்த வீட்டில் வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி குடிக்கிறவள் நான். நீ நஷ்டப்பட மாட்டாய் என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது?

"ஒனக்கு நஷ்டம்தான் நர்கீஸ். எந்தப் புத்தகமும் அதை ஈடுகட்டாது."

தேர்வாளர் நிமிர்ந்தார். "உங்கள் ஐந்தாம் அத்தியாயம் அப்படிச் சொல்லவில்லையே?"

"அது தப்பு மேடம். வாபஸ் வாங்கிக்கிறேன்."

சகாயராஜ் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். வைவாவில் தன் அத்தியாயத்தைத் தானே வெட்டிப்போட்ட கிறுக்கி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டம் போனால் போகட்டும் என்று இருந்தது.

நர்கீஸ் விடவில்லை. "அப்ப எதுக்குத்தான் கொட்டுறேன்?"

"யாரும் பாக்கலைன்னு அந்தக் கடைக்காரன் நெனைக்கிறான்ல? அடுப்படியில அவனே நிக்கிறானே! தன்னையே அவன் ஒரு ஆளா மதிக்கல. நீ மதிக்கிற. சட்டிக்கு முன்னால தனியா நிக்கும்போதும் அங்க ஒரு மனுஷி இருக்கா. அவ பாக்க ஒன்னால பழைய எண்ணெயை ஓட்ட முடியல. லாபத்துக்காக இல்லடி. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்."

தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். "உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன், இப்போது கிடைத்துவிட்டீர்கள். சொன்னதை அப்படியே எழுதிச் சேருங்கள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன், டாக்டர் வினோலியா."

குதித்தேன். ஆமாம், அரங்கம் கைதட்ட, மேடையிலேயே குதித்தேன். ஒன்பது வருஷம் ஐயா!

நர்கீஸ் மேடையேறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"பொழைக்கத் தெரியாதவளுன்னு எம்புள்ளைகளே என்னைய வையுதுக. நான் கேனச்சி இல்லன்னு இம்புட்டுப் பேரு முன்னால நீ சொல்லிட்டடி" என்றாள்.

மைக் அணைக்கப்படவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. எனக்குத் தட்டியதைவிடப் பலமாக அவளுக்குத் தட்டினார்கள். டாக்டர் வினோலியாவும் கை சிவக்கத் தட்டினாள்.